காது மெஷின் சரிப்படவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

காது மெஷின் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கு இது சரிப்பட்டு வரலை" என்று பீரோவுக்குள் வைத்துவிட்டவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னதான் சரிப்படவில்லை என்று உட்கார வைத்துக் கேட்டால் ஒருவருக்கு விசில் சத்தம், ஒருவருக்கு அரிப்பு, ஒருவருக்குத் தட்டு வைக்கிற சத்தம் தாங்கவில்லை, இன்னொருவருக்குக் காதுக்குள் தானாகக் கேட்கிற இரைச்சல் கூடிவிட்டதோ என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, போய்ப் பார்க்க வேண்டிய ஆளும் வேறு. கோளாறு காதில் இருக்கலாம், மெஷினில் இருக்கலாம், அதில் போட்டுக் கொடுத்த செட்டிங்கில் இருக்கலாம், அல்லது மூளை இன்னும் பழகாமல் இருக்கலாம். இந்த நாலில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஷெட்டில் வேலை பார்த்துக் காது போனவன். சத்தத்தில் கெட்டுப்போன காதுக்கு ஒரு அடையாளம் உண்டு: காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் போடுகிற வரைபடத்தில் (ஆடியோகிராம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறும். கூடவே இரண்டு காதிலும் சில்வண்டுச் சத்தம், அது நிற்பதே இல்லை. நான் போடுவது காதுக்குப் பின்னால் மெஷின் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் வழியாக ரிசீவர், அதாவது சத்தத்தை வெளியே விடுகிற குட்டி ஸ்பீக்கர், காதுக்குள் போகிற மாடல். அதை வைத்துத்தான் எழுதுகிறேன், டியூப் வைத்த மாடலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ அடைத்த மாதிரி மந்தமாகிவிட்டால் மெஷினைத் துடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சளி பிடித்திருக்கிறது, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம், ஆனால் அது உள்காது நரம்பில் வந்த திடீர்க் கேட்புக் குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவு நல்லது. முதல் சில நாட்கள் ரொம்ப முக்கியம், இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போய்விடுங்கள்.

இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்துத் துடித்துக் கேட்டாலும், கூடவே தலைசுற்றலோ காதில் சீழோ ரத்தமோ வந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியிருந்தாலும் டாக்டர்தான். முகம் ஒரு பக்கம் இழுத்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். ஒரு காதில் மட்டும் இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கேட்பு நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகத்தான் அது, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பயப்படாமல் எடுத்துவிடுங்கள்.

சத்தமே வரவில்லை, அல்லது மெலிதாக வருகிறது

மெஷினை ஆன் செய்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுங்கள். கீ என்று கத்தினால் மைக், பேட்டரி, ரிசீவர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம் (சில புது மாடல்களில் விசிலை அடக்கும் வசதி பலமாக இருப்பதால் லேசாகத்தான் கத்தும்). கையில் கத்துகிறது, காதில் கேட்கவில்லை என்றால் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கும், அல்லது நுனியில் இருக்கும் ரப்பர் குடை, டோம் என்பார்களே அது, காதின் சுவரில் முட்டி மடங்கியிருக்கும்.

கையிலும் கத்தவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். சின்ன பட்டன் பேட்டரிகள் காற்றை இழுத்து வேலை செய்கிறவை. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போட்டு மூடிவிட்டால் முழு சக்தி வராது, இரண்டு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமிக்கவும் முடியாது, உரித்த நிமிடத்திலிருந்து அது தீர்ந்துகொண்டுதான் இருக்கும். ஸ்டிக்கர் நிறத்தை நினைவில் வையுங்கள்: 10-ஆம் நம்பர் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் நிறத்தைப் பார்த்தால் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பழைய பேட்டரியை மேஜையில் போடாதீர்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் அது. சார்ஜ் ஏற்றுகிற மெஷின் என்றால் சார்ஜரிலும் மெஷினிலும் உலோகம் தொடும் இடத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள், அங்கே படிகிற வேர்வை அழுக்கால் இரவு முழுக்க வைத்தும் சார்ஜ் ஏறாமல் போகும்.

பேட்டரியும் சரி என்றால் அடுத்தது வாக்ஸ் கார்டு, குறும்பி ரிசீவருக்குள் போகாமல் தடுக்கிற குட்டி வடிகட்டி. நான் பார்த்த வரைக்கும் "மெஷின் செத்துப்போச்சு" என்று வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான். ரப்பர் டோமை மெல்ல இழுத்துக் கழற்றினால் ரிசீவரின் நுனியில் கடுகு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். மெஷினோடு கொடுத்த சின்னக் குச்சிக்கு இரண்டு முனை: காலி முனையைப் பழையதுக்குள் அழுத்தி நேராக இழுத்தால் பழையது அதோடு வந்துவிடும், குச்சியைத் திருப்பிப் புதியது இருக்கிற முனையை அதே ஓட்டையில் அழுத்திவிட்டு எடுத்தால் புதியது அங்கேயே தங்கிவிடும். கண் சரியாகத் தெரியாதவர்கள் துண்டு ஒன்றை விரித்துவிட்டு வெளிச்சத்தில் செய்யுங்கள், கீழே விழுந்தால் தேட முடியாது. ஊசியோ சேஃப்டி பின்னோ போட்டுக் குத்த வேண்டாம், அதற்குப் பின்னால் இருப்பது ரிசீவர், அதைக் கெடுத்தால் அதையே மாற்ற வேண்டி வரும். மேலே இருக்கிற மைக் ஓட்டையை பிரஷ்ஷால் துடைக்கும்போது மைக் கீழே பார்க்கிற மாதிரி பிடியுங்கள், தூசி உள்ளே போகாமல் வெளியே விழும்.

ஒன்று இன்னும் பாக்கி. சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. மாற்றி மாட்டிக்கொண்டு "இன்னைக்கு ஏதோ மாதிரி இருக்கே" என்று நாள் முழுக்கத் தவிப்பவர்கள் உண்டு.

காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் மங்குகிறது

இது ஈரம். வெயில் காலத்தில் வேர்வை, மழைக் காலத்தில் காற்றிலேயே ஈரம், கடலோர ஊர்க்காரர்களுக்கு வருஷம் முழுக்க. உறுதி செய்துகொள்ள எளிய வழி: இரவு பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் இருக்கிற டப்பாவில் வைத்து இறுக்கி மூடுங்கள். காலையில் தெளிவாகக் கேட்டால் சந்தேகமே இல்லை, ஈரம்தான். அதன் பிறகு தினமும் டப்பா. சிலிக்கா ஜெல் மணிகளின் நிறம் மாறினால் அவை ஈரம் குடித்து நிறைந்துவிட்டன, மாற்ற வேண்டும். ஹேர் டிரையர் போடுவது, வெயிலில் காயவைப்பது, அடுப்பு மேல் வைப்பது எல்லாம் மெஷினைக் கொன்றுவிடும். அரிசிப் பானைக்குள் வைக்கிறார்கள், அரிசித் தூசி மைக்கில் போய் அடைப்பதுதான் மிச்சம். டியூப் மாடலில் டியூபுக்குள் நீர்த்துளி நின்றாலே சத்தம் நின்றுவிடும், அதற்கென்று ஊதுகிற ரப்பர் பந்து கிடைக்கும், டியூபை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு ஊதுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் குளித்ததும் மெஷினை மாட்டாதீர்கள். காது மடலின் பின்னாலும் ஓட்டையிலும் எண்ணெய்ப் பசை தங்கும், அது வாக்ஸ் கார்டில் ஊறி அடைக்கும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். காதுக்குள் காய்ச்சின எண்ணெய், பூண்டு எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது.

விசில் அடிக்கிறது

ரிசீவரிலிருந்து வருகிற சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் போனால் விசில். கசிவு எங்கே என்று பாருங்கள். டோமை விரலால் லேசாக உள்ளே அழுத்தினால் விசில் நிற்கிறதா? அப்படியென்றால் சரியாக உட்காரவில்லை, அல்லது அளவு சின்னது. பெரிய அளவு டோம் வாங்குவது பெரிய செலவில்லை. அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காதில் குறும்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சத்தம் குறும்பியில் மோதித் திரும்பி வரும். பட்ஸ் போட்டு நீங்களே எடுக்கப் போனால் இன்னும் உள்ளேதான் தள்ளுவீர்கள். மோல்டு, அதாவது காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பு, போட்டவர்களுக்கு டியூப் மஞ்சளாகி விறைத்து விரிசல் விட்டிருக்கும், அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

யாராவது கட்டிப்பிடிக்கும்போதும், தலையணையில் சாயும்போதும், ஹெல்மெட் மாட்டும்போதும் கத்துவது கோளாறு இல்லை.

என் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்கிறது

புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது. பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், சில பேருக்குப் பழகவும் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மெஷின் காதில் இருக்கும்போதே அதை ஆஃப் செய்துவிட்டு "ஈ" என்றும் "ஊ" என்றும் நீட்டிச் சொல்லுங்கள். ஆஃப் செய்த பிறகும் குரல் உள்ளே அதிர்ந்தால் காரணம் அடைப்பு. நம் குரல் எலும்பு வழியாகக் காதுக்குள் வந்து, வெளியே போக வழியில்லாமல் தங்குகிறது. ஓட்டை உள்ள டோம் போடலாமா, மோல்டில் காற்றுத் துவாரத்தைப் பெரிதாக்கலாமா என்று கேளுங்கள். ஆஃப் செய்ததும் அதிர்வு போய்விட்டால் காரணம் செட்டிங், அடிக்குரல் பகுதியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையின் முடிவைச் சொன்னால் காதைச் சோதித்து மெஷினை செட் செய்து தருகிற ஆடியாலஜிஸ்ட்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

எல்லாருக்கும் ஓட்டை டோம் சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிச்சத்தமே கேட்காத அளவுக்குக் குறை இருப்பவர்களுக்கு ஓட்டை வைத்தால் கொடுக்கிற சத்தமெல்லாம் வெளியே போய்விடும், விசிலும் வரும்.

சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

இதுதான் ஆளை ரொம்ப வாட்டுகிற விஷயம், காது மெஷினைக் கைவிட வைப்பதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசு, காது, காடு. மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ‘கா’ மூன்றிலும் ஒன்றே, அது பலமான சத்தம், காது மந்தமானவருக்கும் விழும். கடைசியில் வருகிற சு, து, டு மூன்றையும் பிரித்துக் காட்டுவது மெலிதான, உச்சத்தில் இருக்கிற சத்தம். வயசினாலும் இரைச்சலாலும் முதலில் போவது அந்த உச்சப் பகுதிதான். அதனால்தான் "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியலை" என்கிறோம். வால்யூமைக் கூட்டினால் ‘கா’ இன்னும் பலமாகும், சு-வும் து-வும் அப்படியேதான் இருக்கும்.

மெஷின் அந்த உச்சப் பகுதியைத் தேர்ந்து கூட்டித் தருகிறது. ஆனால் வருஷக்கணக்கில் அதைக் கேட்காமலே இருந்த மூளைக்கு அது பேச்சாகத் தெரியாது, உராய்வாகத் தெரியும். முதல் சில வாரங்கள் எல்லாமே தகரச் சத்தமாக இருப்பது இதனால்தான். பழகுவதற்கு ஒரே வழி, போட்டுக்கொண்டே இருப்பது. கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் மாட்டினால் ஒருநாளும் பழகாது. வீட்டில் அமைதியான நேரத்தில், ஒரே ஆளோடு பேசும்போது ஆரம்பியுங்கள், நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பேப்பரை வாய்விட்டுப் படியுங்கள், என்ன வார்த்தை என்று தெரிந்தே காது கேட்பதால் பழகுவது சுலபம். டி.வி. செய்தியை எழுத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் இதே மாதிரி உதவும்.

ஒன்றிரண்டு மாதம் விடாமல் போட்டும் புரியவில்லை என்றால் மூளை பழகவில்லை என்ற பதிலை ஏற்காதீர்கள். செட்டிங்கைத் தோண்ட வேண்டிய நேரம் அது. முதல்முறை போடும்போது பயமுறுத்தாமல் இருக்க வேண்டும் என்று தேவையைவிடக் குறைவாகத்தான் வைத்து அனுப்புவார்கள், அதை அப்புறம் ஏற்ற வேண்டும், பல பேருக்கு ஏற்றாமலே விட்டுப்போகிறது. முழு அளவுக்கு வைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். இன்னொன்று, ரியல் இயர் மெஷர்மென்ட் செய்யச் சொல்லுங்கள்: மெல்லிய டியூபைக் காதுக்குள் விட்டு, மெஷினிலிருந்து செவிப்பறைக்கு உண்மையில் எவ்வளவு சத்தம் போகிறது என்று அளப்பது. கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு சராசரிக் காதுக்கானது. உங்கள் காது ஓட்டையின் நீளமும் அகலமும் வேறு. "இப்ப கேட்குதா, இப்ப கேட்குதா" என்று கேட்டே செட் செய்து அனுப்புகிற இடத்தில் இந்தக் கருவி இல்லையென்றால், இருக்கிற இடத்தைத் தேடிப் போவதில் தப்பே இல்லை.

கூட்டத்தில் புரியாதது வேறு கணக்கு. எந்த மெஷினும் மண்டபத்து இரைச்சலைத் துடைத்து எடுத்துவிடாது. மெஷினின் மைக் பெரும்பாலும் முன்னால் வருவதைத்தான் தேர்ந்து எடுக்கும், அதனால் இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி, பேசுகிறவர் முகம் எதிரே வருகிற மாதிரி இடம் பிடித்து உட்காருங்கள். நாதஸ்வரம், ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலி கிடைத்தால் மறுத்துவிடுங்கள்.

பாத்திரச் சத்தம், குக்கர் விசில் எல்லாம் குத்துகிறது

முதல் இரண்டு மூன்று வாரம் எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தமும் பிளாஸ்டிக் கவர் கசங்குவதும் எரிச்சலாக இருப்பது இயல்பு, குறையும். எரிச்சல் வேறு, வலி வேறு. சத்தம் வந்ததும் கண்ணைச் சுருக்கி மெஷினைப் பிடுங்கத் தோன்றினால், அல்லது கழற்றிய பிறகும் இரைச்சல் கூடி மணிக்கணக்கில் நின்றால், உச்சபட்சச் சத்தத்துக்கு வைத்திருக்கிற எல்லை அதிகம். அதைத் தனியாகக் குறைக்க முடியும். "வால்யூம் அதிகமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள், பேச்சும் போய்விடும். "பேச்சு சரி, திடீர்ச் சத்தம்தான் வலிக்குது" என்று சொல்லுங்கள்.

தறி ஷெட், மர அறுவை, கிரைண்டிங் பட்டறை மாதிரி இடங்களில் இன்னும் வேலை செய்கிறவர்கள் அங்கே மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு இயர் மஃப் போடுங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்திருந்தன, அதற்குக் கீழேயே 85-இலேயே காது கெடத் தொடங்கும் என்பதால் சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். மிச்சம் இருக்கிற காதைக் காப்பாற்றுங்கள்.

போனில் கேட்கவில்லை

போனைக் காது ஓட்டையில் வைக்கிறோம், மைக் இருப்பதோ காதுக்குப் பின்னால் மேலே. போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பின்னால் நகர்த்தி, எந்த இடத்தில் குரல் தெளிகிறது என்று தேடுங்கள். புளூடூத் இணைப்பு அறுந்துபோனால் போனில் பழைய இணைப்பை அழித்துவிட்டு, மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், ஆன் ஆன முதல் சில நிமிடம்தான் புதிதாகச் சேரும் மாடல்கள் நிறைய.

இரவில் இரைச்சல் தாங்க முடியவில்லை

காதுக்குள் வருகிற சத்தம் குறைந்தால் மூளை தன் பக்கத்தில் கூட்டிக்கொள்கிறது, அந்தக் கூட்டலில் பிறக்கிற சத்தம்தான் பெரும்பாலானவர்களுக்கு இரைச்சல் என்பது இன்றைய விளக்கம். பகலில் மெஷின் போட்டால் வெளிச் சத்தம் திரும்ப வருவதால் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. இரவு கழற்றினதும் திரும்ப வருகிறது. நோய் கூடிவிட்டது என்று நினைத்துப் படபடக்காதீர்கள், அந்தப் படபடப்புதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

அறையை முழு அமைதியாக வைக்காதீர்கள். ஃபேன் சத்தம் போதும், போதாவிட்டால் மழைச் சத்தம் மாதிரி ஒன்றைப் போனில் மெலிதாக ஓடவிடுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்க வேண்டாம், இரைச்சலும் அதுவும் கலந்து கேட்கிற அளவில் வையுங்கள். முழுக்க மறைத்துவிட்டால் மூளைக்கு அதை ஒதுக்கிப் பழக வாய்ப்பே இல்லாமல் போகிறது. காதில் பஞ்சு வைத்து அடைப்பது தலைகீழான வைத்தியம், வெளிச் சத்தம் குறையக் குறைய உள் சத்தம் பெரிதாகும்.

பல்லை இறுகக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சலின் சத்தம் மாறுகிறதா? தாடை, கழுத்துத் தசைகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம், பல் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டலாம். வேறு நோய்க்குச் சாப்பிடுகிற மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், குவினைன், ஜென்டாமைசின் ஊசி, சிஸ்பிளாட்டின் போன்றவை காதைத் தொடும், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

இரைச்சலை அடியோடு ஒழிக்கும் என்று விளம்பரம் வருகிற மாத்திரை, சொட்டு மருந்துக்கெல்லாம் பணம் கொட்டாதீர்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஜிங்கோ மூலிகை, துத்தநாகம், மெலட்டோனின் எதையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கேட்புக் குறைவு இருந்தால் காது மெஷின், தொல்லை தாங்க முடியாவிட்டால் சி.பி.டி. என்கிற மனநலப் பயிற்சி, இவற்றைத்தான் பரிந்துரைக்கிறது. இரைச்சலால் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதை யாரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள், மனநல டாக்டரைப் பாருங்கள். அப்படித் தோன்றி அதைத் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

காதில் அரிப்பு, ஈரம்

டோம் அளவு பெரிதாக இருந்தால் உராய்ந்து புண்ணாகும். வெள்ளையாகவோ கறுப்பாகவோ எதுவும் படிந்து அரிப்பும் இருந்தால் பூஞ்சை, ஈர ஊர்களில் சர்வ சாதாரணம். ஆறும் வரை அந்தக் காதில் மெஷின் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். டோம் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிட்டாலும் தோண்டாமல் அவரிடமே போங்கள்.

வீட்டில் எல்லோரும் கத்துகிறார்கள்

இந்தப் பகுதியை வீட்டில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அப்பா மெஷின் போட்டிருக்கும்போது கத்தினால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும், புரியாது. முதலில் "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு, முகம் வெளிச்சத்தில் இருக்க, வழக்கமான குரலில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். சமையலறையிலிருந்துகொண்டு ஹாலில் இருப்பவரிடம் பேசாதீர்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையை இன்னும் சத்தமாகத் திருப்பாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாலையில் அவர் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள், நாள் முழுக்க ஊன்றிக் கேட்டதில் களைத்திருப்பார். மெஷினுக்கே பணமில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அவருக்காக நீங்கள் போய்க் கேளுங்கள், வரிசையில் கூப்பிடுகிற பெயர் அவர் காதில் விழாது.